அரை மணி நேரச் செய்திக்குப் பின்னால் எத்தனை பேர்? வாசகர் கேள்வி – பதில்

உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தி நிலையங்களில் வேலை எப்படி நடக்கிறது, அங்கே இருப்பவர்கள் எந்த நிலைமையில் உழைக்கிறார்கள் என்பது குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். பெரும்பாலான கடிதங்கள் அந்தத் துறையில் இருப்பவர்களிடமிருந்தே வந்திருப்பதால், பெயரையும் நிலையத்தையும் தவிர்த்துவிட்டு, கேள்வியை மட்டும் சுருக்கி வெளியிடுகிறோம்.

செய்தி வாசிப்பவர் திரையில் தோன்றுவது அரை மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் அவருக்கு ஓய்வுதானே?

பெரிய நிலையங்களிலேயே அப்படிச் சொல்ல முடியாது. உள்ளூர் நிலையத்தில் அதற்கு இடமே இல்லை. அரை மணி நேரச் செய்தியறிக்கையில் விளம்பரம் போகச் சுமார் 22 நிமிடம் மிஞ்சும். அந்த நேரத்துக்கான ரன்டவுனை, அதாவது எந்தச் செய்தி எத்தனை விநாடி, எதற்குப் பின் எது என்ற வரிசையை, புரொடியூசர் போடுகிறார். வாசிப்பவர் தமக்குரிய வரிகளைத் திருத்தியும், பல நேரம் தாமே எழுதியும், மற்றவர்களின் பேக்கேஜுக்கு, அதாவது படம், பேட்டி, குரல் சேர்த்து வெட்டிய செய்தித் தொகுப்புக்கு, குரல் கொடுத்தும், அடுத்த அறிக்கைக்கான தலைப்புச் செய்திகளைப் பதிவு செய்தும், சமூக வலைத்தளத்துக்கென்று தனியாக ஒரு காணொளி பேசியும் முடித்த பிறகுதான் நாற்காலியில் வந்து அமர்கிறார். சிறிய நிலையங்கள் பலவற்றில் வாசிக்க வேண்டிய வரிகளைக் காட்டும் டெலிபிராம்ப்டரை ஓட்டத் தனியாக ஆள் கிடையாது. மேசைக்கு அடியில் இருக்கும் மிதியைக் காலால் அழுத்தி வரிகளை நகர்த்திக்கொண்டு, காதில் கண்ட்ரோல் அறையின் குரலையும் கேட்டுக்கொண்டு, முகத்தில் அது எதுவும் தெரியாமல் அவர் வாசித்துக்கொண்டிருப்பார்.

கண்ட்ரோல் அறையிலும் இதே கதைதான். இயக்குநர், எந்தக் கேமராவின் படம் திரைக்குப் போவது என்று மாற்றிக் கொடுக்கும் விஷன் மிக்ஸர், ஒலிக்கு ஒருவர், கிராபிக்ஸுக்கு ஒருவர், தளத்தில் கேமராவுக்கு இரண்டு மூன்று பேர் என்று இருந்த இடத்தில், தானியங்கி முறை வந்த நிலையங்களில் ஒருவரே அமர்ந்திருக்கிறார். அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் கேமரா தானே திரும்புகிறது, மைக் திறக்கிறது, பெயர்ப்பட்டை வருகிறது. எல்லாம் ரன்டவுன்படி நடக்கும் வரையில் இதில் குறையில்லை. நடுவில் ஒரு பிரேக்கிங் செய்தி வந்து வரிசை குலையும்போதுதான், முன்பு ஆறு பேர் ஆளுக்கொரு பக்கம் சமாளித்ததை ஒருவர் தனியாகச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு வந்த கடிதங்கள் பலவற்றின் அடியில் இருப்பது இந்தக் கணக்குதான். செய்திக்கென்று ஒதுக்கும் நேரம் கூடிக்கொண்டே போகிறது. அதை நிரப்பும் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். செய்தித் தொழிலுக்கே உரிய அவசரம் வேறு, ஆள் பற்றாக்குறையால் வரும் அவசரம் வேறு. நிர்வாகங்கள் பெரும்பாலும் இரண்டாவதை முதலாவதின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன.

உள்ளூர் நிலையம் ஒன்றில் நிருபராக இருக்கிறேன். வண்டி ஓட்டுவது, படம் பிடிப்பது, பேட்டி எடுப்பது, எடிட்டிங், நேரலை எல்லாம் நானே. நாளுக்கு இரண்டு பேக்கேஜ் கொடுக்க வேண்டும். "இதுதான் இந்தக் காலத்து முறை, பழகிக்கொள்" என்கிறார் செய்தி ஆசிரியர். இது நியாயமா?

இந்த முறை எப்படி வந்தது என்று பார்த்தால், நியாயம் எங்கே நழுவியது என்பதும் தெரிந்துவிடும். தொலைக்காட்சிச் செய்தி 16 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்ட காலத்தில், பிற்பகலுக்குள் ஃபிலிம் லேபுக்கு வந்து சேர்ந்தால்தான் மாலைச் செய்தியில் வரும் என்ற கட்டாயம் இருந்தது. அது தொல்லையாக இருந்தாலும், நிருபருக்கு அதுவே ஒரு வேலியாகவும் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவரிடம் புதிய படம் கேட்க முடியாது. 1976-இல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் டி.கே. 76 போன்ற தோள் கேமராக்கள் வந்தன. கேமரா மட்டுமே பத்துக் கிலோவை நெருங்கியது. நாடாவில் பதிவு செய்யும் பெட்டி தனியாக, ஒரு கேபிளின் மறுமுனையில் தொங்கியது. ஆகவே அதைச் சுமக்கவும் ஒலியைக் கவனிக்கவும் இன்னொருவர் உடன் போயே தீர வேண்டியிருந்தது. 1982-இல் சோனியின் பீட்டாகேம் வந்து கேமராவையும் பதிவுப் பெட்டியையும் ஒன்றாக்கியதும், அந்த இன்னொருவர் தேவையா என்ற கேள்வி எழுந்தது. பிறகு மடிக்கணினியில் எடிட்டிங் வந்தது. அதற்கும் பிறகு, செல்பேசி அலைவரிசைகள் பலவற்றைச் சேர்த்துப் படத்தை அனுப்பும் முதுகுப்பைக் கருவி வந்து, நேரலைக்கு ஓ.பி. வேனும் (களத்திலிருந்தே ஒளிபரப்ப உதவும் வண்டி) அதன் பொறியாளரும் வேண்டும் என்ற நிலையையும் மாற்றியது.

ஒவ்வொரு படியிலும் கருவி ஒரு வேலையை எளிதாக்கியது உண்மை. ஆனால் மிச்சமான நேரம் நிருபரின் கைக்கு வரவில்லை. ஆளைக் குறைக்கத்தான் பயன்பட்டது.

தனியாகச் செய்தி எடுப்பதே அநீதி என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கூச்சப்படும் ஒருவரிடம், விளக்குகளும் ஆட்களுமாகச் சூழ நின்று கேட்பதைவிட, சிறிய கேமராவோடு ஒருவர் மட்டும் போய் உட்கார்ந்து கேட்டால் மனம் திறந்து பேசுவார். நல்ல செய்தித் தொகுப்புகள் பல அப்படி வந்திருக்கின்றன. உங்கள் விஷயத்தில் குறை இருப்பது எண்ணிக்கையில். ஒன்றரை நிமிடப் பேக்கேஜ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இடத்துக்குப் போக வேண்டும். வண்டியை நிறுத்த வேண்டும். முக்காலியைப் போட்டு, வெளிச்சம் பார்த்து, மைக்கைப் பொருத்தி, இரண்டு மூன்று பேரிடம் பைட், அதாவது கேமரா முன் சிறு பேச்சு, வாங்க வேண்டும். பேச்சு ஓடும்போது அதன் மேல் காட்டுவதற்கான விஷுவல்களை எடுக்க வேண்டும். தன்னையே ஃபிரேமுக்குள் வைத்து, ஃபோகஸ் சரியா என்று ஓடிப்போய்ப் பார்த்து, மறுபடி வந்து நின்று கேமரா முன் பேச வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்து எழுதி, குரல் கொடுத்து, வெட்டி, அனுப்ப வேண்டும். இதற்கு நடுவே இணையப் பதிப்புக்கு நாலு வரியும் செல்பேசிப் படமும் கேட்டு, அலுவலகத்தில் செய்திகளை ஒருங்கிணைக்கும் டெஸ்கிலிருந்து அழைப்பு வந்தபடி இருக்கும். இப்படி இரண்டு பேக்கேஜும் ஒரு நேரலையும் எட்டு மணி நேரத்துக்குள் அடங்காது. அடங்குவதாகக் காட்ட வேண்டுமென்றால் எதையாவது விட்டாக வேண்டும். முதலில் விடப்படுவது சாப்பாடு. அடுத்தது, எதிர்த்தரப்பை அழைத்து ஒரு வார்த்தை கேட்டுச் சரிபார்ப்பது. அதற்கும் அடுத்தது, வண்டி ஓட்டும்போது சாலையின் மேல் இருக்க வேண்டிய கவனம்.

நீங்கள் செய்யக்கூடியது இது. இரண்டு வாரத்துக்கு நேரக் குறிப்பு எழுதுங்கள்: எப்போது கிளம்பினீர்கள், எப்போது படம் முடிந்தது, எப்போது அனுப்பினீர்கள், எந்தச் சரிபார்ப்பை விட்டீர்கள். அதை வைத்துக்கொண்டு செய்தி ஆசிரியரிடம் "முடியவில்லை" என்று சொல்லாதீர்கள், "இன்று இந்த இரண்டில் எதை விடலாம்?" என்று கேளுங்கள். முடியவில்லை என்பதை உங்கள் குறையாக எழுதிவிடலாம். எதை விடலாம் என்ற கேள்விக்கு அவர் முடிவெடுத்தே ஆக வேண்டும், அந்த முடிவின் பொறுப்பும் அவரோடு போகும். கூடவே இரண்டு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: இருட்டிய பிறகு தனியாக நேரலை இல்லை என்பது ஒன்று, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது டெஸ்கின் அழைப்பை எடுக்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று. இவற்றுக்குக் காசு செலவில்லை என்பதால் மறுப்பது அவ்வளவு எளிதல்ல.

என் மகள் காலைச் செய்திப் பிரிவில் புரொடியூசர். இரவு ஒரு மணிக்கு எழுந்து போகிறாள். பகலில் தூங்குவதாகச் சொல்கிறாள், ஆனால் எப்போது பார்த்தாலும் களைப்பு. உடம்பு பழகிவிடாதா, அம்மா வீணாகக் கவலைப்படுகிறேனா?

கவலைக்குக் காரணம் இருக்கிறது. ஐந்து மணிக்கு ஒளிபரப்பாகும் செய்தியை இரண்டு மணிக்காவது எழுதத் தொடங்கியாக வேண்டும். அதனால் 'காலைப் பணி' என்று பெயர் இருந்தாலும் அது இரவுப் பணிதான். உடலின் உள்கடிகாரம் முக்கியமாக வெளிச்சத்தைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறது. வீடு திரும்பும்போது முகத்தில் அடிக்கும் காலை வெயில் அதற்கு "விழித்திரு" என்றுதான் சொல்லும். ஆகவே பல ஆண்டு இந்தப் பணியில் இருந்தவர்களுக்கும் முழுமையாகப் பழகுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, உடலின் தாளத்தைக் குலைக்கும் சுழற்சிப் பணியை 2007-இல் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற 2-ஏ பிரிவில் வைத்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்தபோதும் இரவுப் பணியை அதே பிரிவிலேயே வைத்தது. சான்று உறுதியாகிவிட்டது என்பதல்ல இதன் பொருள். ஒதுக்கித் தள்ளக்கூடிய சந்தேகமும் அல்ல.

மகளிடம் நீங்கள் கேட்க வேண்டியது, எத்தனை மணிக்கு எழுகிறாள் என்பதைவிட, அந்த நேரம் வாரத்துக்கு வாரம் மாறுகிறதா என்பதை. நிலையான இரவுப் பணியைவிட, இரண்டு நாள் காலை, இரண்டு நாள் மாலை என்று புரட்டிப் போடுவது மோசம். அதிலும் இரவுச் செய்தியை முடித்துவிட்டுப் போனவரை அடுத்த காலைச் செய்திக்கே திரும்ப வரச் சொல்வது மிக மோசம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003-ஆம் ஆண்டுப் பணிநேர நெறிமுறை, ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் இடையே தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் அதை ஒரு நல்ல அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். மாற்றியே ஆக வேண்டுமென்றால், காலையிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து இரவுக்கு என்று முன்னோக்கி மாற்றுவதை உடல் ஓரளவு தாங்கும். பின்னோக்கி மாற்றுவதைத் தாங்காது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, பகலில் அந்த அறையை நன்றாக இருட்டாக்கி வைப்பதும், அவள் தூங்கும் நேரத்தில் அவளுடைய செல்பேசியை வெளியே எடுத்து வந்துவிடுவதும். உறவினர்கள் பகலில் அழைத்தால், "தூங்குகிறாள்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். பணி முடிந்து அவளே வண்டி ஓட்டி வருகிறாள் என்றால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

வெள்ளம் வந்தால் நிருபரைத் தண்ணீருக்குள்ளேயே நிற்க வைத்து நேரலை காட்டுகிறார்களே, இது எதற்கு?

நீங்கள் சேனல் மாற்றாமல் பார்ப்பீர்கள் என்பதற்கு. கரையில் நின்று சொன்னாலும் அதே தகவல்தான். ஓடும் வெள்ளம் வெறும் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே நன்றாக வளர்ந்த ஆளின் காலை வாரிவிடும், 30 செ.மீ. இருந்தால் சிறிய கார்களையே மிதக்க வைத்துவிடும். கலங்கிய நீருக்கு அடியில் மூடியில்லாத சாக்கடையும் அறுந்த மின்கம்பியும் இருக்கலாம். பொதுமக்களிடம் "தண்ணீரில் இறங்காதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே இடுப்பளவு நீரில் நிற்பவரைப் பார்த்து, இறங்கலாம் போலிருக்கிறது என்றுதான் மக்கள் எடுத்துக்கொள்வார்கள்.

நேரலையின் ஆபத்து இயற்கையோடு முடிவதில்லை. ஓ.பி. வேனின் மேல் ஏற்றும் மாஸ்ட், அதாவது அலைகளை அனுப்பும் கம்பம், பத்துப் பதினைந்து மீட்டர் உயரம் வரை போகும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், ஓர் உள்ளூர் நிலையத்தின் வேனிலிருந்து உயர்த்திய மாஸ்ட் உயரழுத்த மின்கம்பியில் பட்டதில், அந்த வேனில் வந்த பெண் நிருபர் கடுமையாகத் தீக்காயமுற்று ஒரு கையின் ஒரு பகுதியை இழந்தார். 2007 ஜூலையில் ஃபீனிக்ஸ் நகருக்கு மேல், போலீஸ் துரத்திய ஒரு வண்டியைப் படம் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு நிலையங்களின் ஹெலிகாப்டர்கள் மோதி நான்கு பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டரை ஓட்டுவதும், கீழே நடப்பதைப் பார்த்து நேரலையில் சொல்வதும் விமானி ஒருவரின் வேலையாகவே இருந்தன என்பதை விபத்து விசாரணை சுட்டிக்காட்டியது. 2015 ஆகஸ்டில் வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் பகுதி நிலையத்தைச் சேர்ந்த ஒரு நிருபரும் கேமராமேனும் காலை நேரலையின் நடுவிலேயே, அதே நிலையத்தில் முன்பு வேலை பார்த்தவரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

நேரலையில் நிற்பவர்கள் நிற்கும் விதத்தையே பாருங்கள். நிருபர் லென்ஸைப் பார்த்து நிற்கிறார். சம்பவம் அவருக்கு முதுகுப் பக்கம் நடக்கிறது. கேமராமேனின் ஒரு கண் வியூஃபைண்டருக்குள் இருக்கிறது, மறு பக்கம் கேமராவே மறைக்கிறது. இருவர் காதிலும் ஸ்டுடியோவின் சத்தம். சுற்றுப்புறத்தைப் பார்க்க அங்கே யாருமே இல்லை. கூட்டமோ கலவரமோ வெள்ளமோ இருக்கும் இடத்துக்கு மூன்றாவதாக ஒருவரை, பார்ப்பதற்கென்றே, அனுப்ப வேண்டும் என்பது இதனால்தான். நிருபரைத் தனியாகவே அனுப்பும் நிலையத்திடம் மூன்றாவது ஆளைக் கேட்பது பேராசை போலத் தோன்றலாம். ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். "இங்கே நிற்பது பாதுகாப்பில்லை" என்று களத்தில் இருப்பவர் சொன்னால், ஸ்டுடியோவில் குளிரூட்டிய அறையில் இருப்பவர் மறுபேச்சுப் பேசக்கூடாது, பிறகு அதற்காகப் பழிவாங்கவும் கூடாது என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும்.

நான் வீடியோ எடிட்டர். களத்துக்கே போவதில்லை. விபத்து, கொலைச் சம்பவங்களின் வெட்டாத காட்சிகளைத் தினமும் பார்த்து, திரைக்கு ஏற்றவாறு மறைத்துக் கொடுப்பது என் வேலை. இரவில் அவை கண்ணுக்குள் வருகின்றன. சொன்னால், "நீ என்ன அங்கேயா இருந்தாய்?" என்று சிரிக்கிறார்கள்.

மருத்துவம் உங்கள் பக்கம் இருக்கிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்க் கையேடு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்கான காரணங்களைச் சொல்லும்போது, தொலைக்காட்சியில் பார்ப்பதைக் கணக்கில் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, வேலையின் பகுதியாகப் பார்க்க நேர்வதை மட்டும் விலக்காக ஏற்றுக்கொள்கிறது. வீட்டில் இருந்து நீங்கள் வெட்டிக் கொடுத்ததைப் பார்க்கும் நேயரின் நிலை வேறு, வெட்டாததைப் பார்க்கும் உங்கள் நிலை வேறு என்பதை அந்தக் கையேடே பிரித்துவிட்டது. செய்தி அறையில் வன்முறைக் காட்சிகளைக் கையாளும் பத்திரிகையாளர்களைப் பற்றி 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மொத்தம் எத்தனை மணி நேரம் பார்த்தார்கள் என்பதைவிட, எவ்வளவு அடிக்கடி பார்த்தார்கள் என்பதே பாதிப்போடு அதிகம் தொடர்புடையது என்று கண்டது.

இதிலிருந்து ஒரு நடைமுறை வழி கிடைக்கிறது. நாள் முழுக்க அவ்வப்போது ஒன்றாக அந்தக் காட்சிகள் உங்கள் மேசைக்கு வராமல், குறித்த நேரத்தில் சேர்த்துப் பார்த்து முடித்துவிடும்படி கேளுங்கள். பார்க்கும்போது ஒலியை முதலில் அணைத்துவிடுங்கள். அலறலும் அழுகையும் படத்தைவிட ஆழமாகப் பதிபவை, வெட்டும் வேலைக்குப் பெரும்பாலும் அவை தேவையும் இல்லை. திரையில் படத்தின் சட்டத்தைச் சிறிதாக்குங்கள். எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று முதல் பார்வையிலேயே டைம்கோடு (காட்சி வரும் நிமிடம், விநாடி) எழுதி வைத்துவிட்டால், மறுபடி தேட வேண்டியதில்லை. ஒருவர் ஏற்கெனவே மறைத்த காட்சியை இன்னொருவர் மூலக்கோப்பிலிருந்து திறக்க வேண்டிய அவசியமும் வராது. கோப்பின் பெயரிலேயே எச்சரிக்கை எழுதி வையுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், அந்தச் செலவை நிலையத்திடம் கேளுங்கள்.

இயர்பீஸ் போட்டுப் போட்டு காதில் இரைச்சல் கேட்கிறது. வேலையால் வந்ததா?

வந்திருக்கலாம். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் வரை தாங்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. அந்தக் கணக்கில் 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். கூட்டத்தின் இரைச்சலை மீறிக் கேட்பதற்காக கண்ட்ரோல் அறை காதில் பேசும் டாக்பேக்கின் ஒலியைக் கூட்டிவிட்டு, ஸ்டுடியோவுக்கு வந்த பிறகும் அதே அளவில் விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. காதுக்கு அளவெடுத்துச் செய்த இயர்பீஸ் வெளிச்சத்தத்தை அடைப்பதால் குறைந்த ஒலியிலேயே கேட்கும். காதுமூக்குத் தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறன் சோதனை செய்து, முடிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் வேலையை விட்டால் அபராதம், விட்ட பிறகு அதே ஊரில் இன்னொரு சேனலில் சேரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இது செல்லுமா? கூடுதல் நேரச் சம்பளமும் இல்லை.

செல்லுமா என்பதை உங்கள் நாட்டின் சட்டமும் ஒரு வழக்கறிஞரும்தான் சொல்ல முடியும். பொதுவாக, பயிற்சிக்கென்று நிலையம் உண்மையிலேயே செலவழித்ததைத் திரும்பக் கேட்பது ஒரு வகை. ஆளைக் கட்டிப்போடுவதற்காக ஒரு பெருந்தொகையை எழுதி வைப்பது வேறு வகை. இரண்டாவதை நீதிமன்றங்கள் பல நாடுகளில் ஐயத்தோடுதான் பார்க்கின்றன. 'வேறு சேனலில் சேரக்கூடாது' என்ற நிபந்தனை ஒளிபரப்புத் துறையில் மிகவும் பரவியிருந்ததால்தான், அதை இந்தத் துறைக்கென்றே தனியாகத் தடுக்கும் சட்டத்தை நியூயார்க் மாநிலம் 2008-இல் கொண்டுவந்தது.

கூடுதல் நேரச் சம்பளத்தில் சட்டமே உள்ளூர் நிலையங்களுக்குச் சலுகை கொடுத்த கதையும் உண்டு. அமெரிக்காவின் நியாயமான தொழில் தரச் சட்டம், பெருநகரப் பகுதிகளைச் சேராத, மக்கள் தொகை ஒரு லட்சத்துக்கு மிகாத ஊர்களில் இருக்கும் நிலையங்களின் அறிவிப்பாளர், செய்தி ஆசிரியர், தலைமைப் பொறியாளர் ஆகியோருக்குக் கூடுதல் நேரச் சம்பளம் கட்டாயமில்லை என்கிறது. இந்தியாவில் 1955-இல் வந்த உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் அச்சுப் பத்திரிகை நிறுவனங்களை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் அதற்கு வெளியிலேயே நின்றார்கள். மின்னணு ஊடகத்தில் இருப்பவரையும் 'உழைக்கும் பத்திரிகையாளர்' என்ற வரையறைக்குள் சேர்த்தது 2020-இல் இயற்றிய தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்புதான். உங்கள் நியமனக் கடிதத்தில் பதவி என்னவென்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'ஆலோசகர்' என்றோ 'ஒப்பந்தக் கலைஞர்' என்றோ இருந்தால், அந்த ஒரு சொல் பறித்துக்கொண்ட உரிமைகள் என்னென்ன என்பதை வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள்.

திரையில் வரும் பெண்களுக்கு மட்டும் உடை, முடி, எடை, வயது என்று எத்தனை கட்டுப்பாடு! ஆண்களுக்கு ஏன் இல்லை?

ஆண்களுக்கும் உண்டு, ஆனால் கேட்பார் இல்லை. ஆஸ்திரேலியாவின் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் கார்ல் ஸ்டெஃபனோவிச், ஏறத்தாழ ஓராண்டு காலம் ஒரே நீலநிற கோட்-சூட்டையே திரும்பத் திரும்ப அணிந்து வந்ததாகவும், ஒருவர்கூடக் கவனிக்கவில்லை என்றும் 2014-இல் சொன்னார். அருகில் அமர்ந்திருந்த பெண் தொகுப்பாளருக்குத் தம் உடையைப் பற்றி வரும் விமர்சனங்களைப் பார்த்துத்தான் அவர் அந்தச் சோதனையைச் செய்தார்.

சட்டமும் இதில் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் உள்ளூர் நிலையமொன்றின் செய்தி வாசிப்பாளராக இருந்த கிறிஸ்டின் கிராஃப்ட் 1981-இல் அந்த இடத்திலிருந்து இறக்கப்பட்டார். வயது கூடிவிட்டது, அழகு போதவில்லை, ஆண்களுக்கு அடங்கிப் போவதில்லை என்று நேயர் கருத்தறியும் ஆய்வில் தெரிந்ததாகத் தம்மிடம் சொன்னார்கள் என்று அவர் வழக்குத் தொடுத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைக்கூடத் தொடவில்லை. இரண்டு முறை ஜூரி அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முதல் தீர்ப்பை நீதிபதி ரத்து செய்தார், இரண்டாவதை மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. இன்று இதோடு இணையத்தில் வரும் வசைகளும் சேர்ந்துவிட்டன. பணியிட வன்முறை, துன்புறுத்தல் குறித்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் நிறைவேற்றிய 190-ஆவது உடன்படிக்கை, வேலை தொடர்பான மின்னணுத் தகவல் பரிமாற்றத்தில் நடப்பதையும், பயிற்சியாளர்களுக்கு நடப்பதையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. நேயரின் அசிங்கமான செய்தி உங்கள் அலுவல் கணக்குக்கு வந்தால் அது உங்கள் தனிப்பட்ட தலைவலி அல்ல, நிலையத்தின் பொறுப்பு என்று வாதிட இது துணை செய்யும்.

செயற்கை நுண்ணறிவு வாசிப்பாளர் வந்துவிட்டால் இந்தப் பிரச்சினைகள் தீர்ந்துவிடுமா?

வெள்ளத்தில் நிற்க அது போகாதே.

ஊடகப் படிப்பை முடிக்கப் போகிறேன். உள்ளூர் நிலையம் ஒன்றில் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். நான் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

நீங்களும் கேட்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியதே நல்ல தொடக்கம். உள்ளூர் நிலையத்தில் ஓராண்டில் கற்றுக்கொள்வதைப் பெரிய நிலையத்தில் ஒரே மேசையில் பல ஆண்டு இருந்தாலும் கற்க முடியாது என்பது உண்மை. அதனால் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் "எத்தனை மணி நேர வேலை?" என்று கேட்டால் எட்டு மணி நேரம் என்றுதான் பதில் வரும், அதனால் ஒரு பயனும் இல்லை. இப்படிக் கேளுங்கள்: ஒரு நாளில் மொத்தம் எத்தனை மணி நேரச் செய்தி தயாரிக்கிறீர்கள், அதற்கு எத்தனை நிருபர், எத்தனை எடிட்டர்? நான் சேரப்போகும் இடத்தில் இதற்கு முன் இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார், ஏன் போனார்? கேமராவும் மடிக்கணினியும் வண்டியும் யாருடையவை, என் சொந்த வண்டி என்றால் எரிபொருளுக்கும் காப்பீட்டுக்கும் யார் பொறுப்பு? கூட்டத்தில் கேமரா உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பீர்களா? பணி அட்டவணையை எத்தனை நாள் முன்னதாகச் சொல்வீர்கள்? ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கூலி தரும் ஸ்ட்ரிங்கர் வேலை என்றால் கூடுதலாக ஒன்று கேளுங்கள்: எடுத்து அனுப்பிய செய்தி ஒளிபரப்பாகாவிட்டாலும் காசு உண்டா?

முடிந்தால் செய்தி அறையை ஒரு முறை சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மாலைச் செய்திக்கு ஒரு மணி நேரம் முன்பு போங்கள். சத்தம் இருக்கும், ஓட்டமும் இருக்கும். அதைப் பார்த்து மிரள வேண்டாம். எத்தனை நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, தவறு செய்த இளையவரிடம் மூத்தவர் எப்படிப் பேசுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். ஒப்பந்தத்தை அங்கேயே கையெழுத்திட்டுத் தரச் சொன்னால், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருவதாகச் சொல்லுங்கள். அதற்கு மறுத்தால் அடுத்த நிலையத்துக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.